கோரையும் தேவாரமும்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தேன். டியூஷன் வந்தது, பிள்ளைகள் குறைந்தார்கள், வகுப்பும் நின்றது. குரலும் முன்போல் இல்லை. இப்போது கோயில் நந்தவனத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மனம் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாட்டை விட்டுவிட்டு மண்ணைக் கிளறுகிறோமே என்ற உறுத்தல். பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரையைக் காட்டி இறைவன் எதையோ உணர்த்துகிறான் என்று தோன்றுகிறது. எதை?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: அம்மா, கோரை உணர்த்துவது ஒன்றுதான்: நீங்கள் தாளைப் பிடித்து இழுக்கிறீர்கள், கிழங்கு உள்ளேயே இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து வேர் ஓடி அடுத்தது, அதிலிருந்து இன்னொன்று என்று மண்ணுக்குள் மணிமாலைபோல் கோத்துக் கிடக்கும். மழை ஈரத்தில் களைக்கொட்டால் ஆழக் கிளறி, கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் காயப்போடுங்கள். எருக்குழியில் போட்டால் எருவோடு திரும்பி வரும். இதில் வேதாந்தம் தேட வேண்டாம். செடிகொடியெல்லாம் நமக்குப் பாடம் சொல்லவே முளைக்கின்றன என்று நினைப்பது கொஞ்சம் அகங்காரம் என்பது என் கட்சி.

உறுத்தலுக்கு வருகிறேன். உங்கள் மாவட்டத்துத் திருப்புகலூரில், பதிகம் பாடிய அதே அப்பர்தான் உழவாரப்படையோடு கோயில் முற்றத்தில் புல் செதுக்கினார். மண்ணில் பொன்னும் மணியும் கிடந்தபோது அவற்றையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். அப்போது அவருக்கு முதிய வயது. அங்கேயே 81 வயதில் முக்தி அடைந்தார் என்பது மரபு. திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில் தம் நெஞ்சுக்கு அவர் இடும் கட்டளை என்ன? விடியுமுன் கோயிலுக்குப் போ, அலகிடு, மெழுகு, பூமாலை கட்டு, புகழ்ந்து பாடு. துடைப்பமும் பூக்குடலையும் பாட்டும் ஒரே மூச்சில் வருகின்றன. நீங்கள் தொண்டு மாறிவிடவில்லை அம்மா, பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மீதிப் பாதிக்காக ஞாயிற்றுக்கிழமை டியூஷனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நந்தவனத்தில் பவழமல்லி உண்டா? இரவில் பூத்து விடியலில் உதிரும். கீழே விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்பார்கள். பவழமல்லிக்கு அதில் விலக்கு உண்டு. மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, பொறுக்குவதற்குப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். இரண்டு பேர் வந்தாலும் போதும். கைக்குத்தானே வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது? நாளுக்கு ஓர் அடி சொல்லிக்கொடுங்கள். அப்பரின் ‘மாசில் வீணையும்’ பாட்டு நாலே அடிதான். குரல் உடைந்தால் உடையட்டும், அங்கே என்ன கச்சேரியா நடக்கிறது?

மரம் இல்லையென்றால் இந்த மழைக்கு ஒரு கன்று வையுங்கள். அது பூக்கும்வரை பிள்ளைகள் செம்பருத்தி பறிக்கட்டும். அரளியை மட்டும் நீங்களே பறியுங்கள், அதன் பால் நஞ்சு.