அப்பா எதையும் மறைக்கவில்லை

கேள்வி: அடுத்த வாரம் அப்பாவுக்கு (72) கண்புரை ஆபரேஷன். என்ன நோய் இருக்கிறது என்று கேட்டதற்கு, "சுகர், பிரஷர் தவிர ஒண்ணுமில்ல" என்றார். 2021 டிஸ்சார்ஜ் சம்மரியில் ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தைப் போதிய அளவு பம்ப் செய்யாத நிலை), சிறுநீரகப் பாதிப்பு என்று இருக்கிறது. மறதி நோயின் ஆரம்பம் என்கிறது இணையம். மூட்டுவலி மாத்திரையை மட்டும் மறக்காமல் கடையில் வாங்கிப் போடுகிறார்.

பதில்: போட்ட மாத்திரையை மறுபடி போடுகிறாரா? பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா? இல்லையென்றால் மறதி நோய்ப் பேச்சை விடுங்கள். முதியவர்கள் சொல்வதை மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் சுகர், பிரஷர், மாரடைப்பு, பக்கவாதம் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஹார்ட் ஃபெயிலியர்தான் விடுபடுகிறது. அமெரிக்காவில் ஓல்ம்ஸ்டெட் வட்டாரத்து ஆய்வு 2004-லேயே இதைக் காட்டியது. சுகருக்கு ஓர் எண் உண்டு, மாதாமாதம் பார்க்கிறார். இதயத்துக்கு? "பம்பிங் கொஞ்சம் கம்மி, உப்பைக் குறைங்க" என்று வார்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நோயின் பெயர் அவர் காதில் விழுந்தே இருக்காது. அது மருத்துவர்களாகிய எங்கள் குறை.

என் கவலை அந்த மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று அட்டையில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டெல்மிசார்டன் (பிரஷர் மாத்திரை), ஃபுரோசமைடு (நீரை வெளியேற்றும் மாத்திரை) போடுபவருக்குச் சில நாளிலேயே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறிவிடலாம். அதற்காக இந்த இரண்டையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிக்கு என்ன போடலாம் என்பதை மருந்துக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது.

தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மெஷினில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, தண்ணீர். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழும். மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்தால், காலைவரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கண்புரை ஆபரேஷனுக்கும் நேராகப் படுக்க வேண்டும். ஆகவே கண் டாக்டரிடம் சம்மரியை இப்போதே காட்டுங்கள். சம்மரியும் வேதவாக்கல்ல, பழைய சீட்டைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். எக்கோ (இதய ஸ்கேன்), கிரியாட்டினின் இரண்டையும் புதிதாகப் பார்த்துவிடுங்கள்.

இனி அப்பாவிடம் "என்ன நோய்" என்று கேட்காதீர்கள். மாத்திரைப் பையைக் கொட்டி, அட்டை அட்டையாக "இது எதுக்குப்பா?" என்று கேளுங்கள். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் அதில் இருந்தால், முன்பு போட்டிருந்தால்கூட, கண் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் ஆபரேஷன் நடுவே கண்பாவை சுருங்கிவிடலாம். முன்பே தெரிந்தால் அதற்குத் தயாராக இருப்பார்.