எடிட்டிங் கேள்வி–பதில்: படம் வரவில்லை, ஒலி மட்டும் வருகிறது

திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்யாண வீடியோகிராஃபர்: புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளுக்கு மாதாமாதம் சந்தா கட்டிக் கட்டுப்படியாகவில்லை என்பதால், விண்டோஸ் கணினியில் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பைப் போட்டேன். கேமரா கோப்பை இழுத்துப் போட்டால் ஒலி மட்டும் கேட்கிறது, படம் வரவில்லை. வேறு மென்பொருளுக்கு மாறிவிடட்டுமா, அக்கா?

மாற வேண்டாம் தம்பி. முதலில் கேமராவின் மெனுவைத் திறந்து பாருங்கள். பதிவு அமைப்பில் "4:2:2 10 பிட்" என்று இருக்கும்; நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை அது. விண்டோஸில் ரிசால்வின் இலவசப் பதிப்பு அந்த வகை ஹெச்.264, ஹெச்.265 (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகள்) கோப்புகளைத் திறக்காது. கட்டணப் பதிப்பான ஸ்டூடியோ திறக்கும்.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஸ்டூடியோ வாங்குவது ஒன்று: 295 டாலர், ஒரே முறை கட்டினால் போதும், சந்தா கிடையாது. இருட்டு மண்டபத்துப் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைக் குறைக்கும் கருவியும் அதில்தான் இருக்கிறது. எல்லாக் கோப்புகளையும் எடிட்டிங்குக்கென்றே உள்ள டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு வெட்டுவது இரண்டாவது வழி. படம் தடங்கலின்றி ஓடும், ஆனால் கோப்பு பல மடங்கு வீங்கும். இரண்டு கேமராவில் எடுத்த கல்யாணத்துக்கு ஹார்டு டிஸ்க் வாங்கியே ஓய்ந்துபோவீர்கள். மூன்றாவது வழி, கேமராவை, நிற விவரம் குறைந்த 8 பிட் 4:2:0 அமைப்புக்கு மாற்றிவிடுவது. இப்போதைக்கு நான் சொல்வது இதைத்தான். கல்யாணம் பார்க்கிறவர்கள் வீட்டு டிவியிலும் கைபேசியிலும்தான் பார்க்கப்போகிறார்கள். அந்தத் திரைக்கு 8 பிட் போதும்.

ஒரு நிபந்தனை மட்டும். 8 பிட்டில் எடுக்கும்போது 'லாக்' வண்ண அமைப்பைத் தொடாதீர்கள். வெளிறிய அந்தப் படத்தைப் பின்னால் இழுத்து நிறமேற்றும்போது, வரவேற்பு மேடையின் ஊதா விளக்கு விழுந்த சுவரில் பட்டை பட்டையாகக் கோடு தெரியும். கேமராவின் சாதாரண வண்ண அமைப்பில், வெள்ளைச் சமநிலையை மட்டும் சரியாக வைத்து எடுங்கள்.

நாளைக்கு 10 பிட்டுக்கே போவதானால், கணினி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹெச்.265 4:2:2 கோப்பைத் தன் சிப்பிலேயே விரித்துக் காட்டும் வசதி இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் பிராசஸர்களில் கிடைக்கிறது. என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த 50 வரிசையில்தான் அது வந்தது. விலை உயர்ந்த பழைய கார்டைப் போட்டுவிட்டு "ஏன் திக்குகிறது" என்று கேட்கிறவர்கள் என்னிடம் நிறையவே வருகிறார்கள். பிரச்சினை கார்டின் வேகம் அன்று. அந்தக் கோப்பு வகை அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் மண்டபத்து டியூப்லைட் படத்தில் துடிக்காது. 1/60 வைத்தால் துடிக்க வாய்ப்பு உண்டு, அதை எந்த மென்பொருளிலும் சுத்தமாக நீக்க முடியாது. அடுத்து, ரிசால்வில் புதிய புராஜெக்ட் திறந்ததும் கோப்புகளைக் கொண்டுவருவதற்கு முன்பே புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் பட்டை) ஃபிரேம் எண்ணிக்கையை 25 ஆக்குங்கள். கோப்புகள் உள்ளே வந்த பிறகு அந்தப் பெட்டி பூட்டிக்கொள்ளும்.

டைம்லைன் திக்கினால் பிராக்ஸி (வெட்டும்போது மட்டும் பயன்படும் சிறிய நகல் கோப்பு) உருவாக்கிக்கொள்ளுங்கள். புராஜெக்ட் செட்டிங்ஸில் பிராக்ஸியின் அளவைப் பாதி அல்லது கால் என்றும், வடிவத்தை டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி என்றும் வைத்துவிட்டு, இரவு தூங்கப் போகும்போது ஓடவிடுங்கள். கடைசி எக்ஸ்போர்ட்டில் "பிராக்ஸியைப் பயன்படுத்து" என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மணப்பெண்ணின் பட்டுச் சேலை மங்கலாகத்தான் போய்ச் சேரும்.

ஈரோட்டு வாசகர்: முகூர்த்தத்தை கேமராவோடு ஒரு கைபேசியிலும் எடுத்தோம். நாதஸ்வரம், தவில் தனி ரெக்கார்டரில் பதிவானது. தொடக்கத்தில் ஒலி சரியாகப் பொருந்துகிறது, போகப் போக விலகுகிறது. எந்த மென்பொருளில் இது சரியாகும்?

விலகல் எப்படி இருக்கிறது என்று சொன்னால்தான் காரணம் பிடிபடும். நீங்களே அளந்து பாருங்கள். தவில் அடி விழும் கையையும் ஒலியையும் ஐந்தாம் நிமிடத்தில் ஒருமுறை, நாற்பதாம் நிமிடத்தில் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.6 விநாடி என்று சீராக விலகினால், 29.97 ஃபிரேம் படத்தை மென்பொருள் எங்கோ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். 3,600 விநாடியில் அது 3.6 விநாடி ஆகிவிடும். அந்தக் கிளிப்பின் பண்புகளில் ஃபிரேம் எண்ணிக்கையைத் திருத்தினால் தீர்ந்தது.

மணிக்குச் சில ஃபிரேம் மட்டும் சீராக விலகினால், கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் துளி வேறுபடுகின்றன என்று பொருள். இதற்கு வைத்தியம் தேவையே இல்லை. ஷாட் மாறும் இடத்தில் ஒலியை வெட்டி, ஓரிரு ஃபிரேம் நகர்த்துங்கள். கெட்டிமேளம் கொட்டும் இடத்தை மட்டும் தனியாகப் பொருத்திவிட்டால், மற்றதை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சில இடத்தில் முந்தி, சில இடத்தில் பிந்தி என்று தாறுமாறாக விலகினால் குற்றவாளி கைபேசி. வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து அது ஃபிரேம் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் 30 என்று தேர்ந்து, "கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்" குறியிட்டு, தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 16 முதல் 18க்குள் வைத்து மாற்றுங்கள். பிறகு அதை 25 டைம்லைனில் போடுங்கள். உங்கள் கேள்வியைப் படித்தவரை, உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த வியாதி இதுதான் என்று படுகிறது.

யாழ்ப்பாணத்து வாசகி: பிரீமியரில் தமிழில் தலைப்பு அடித்தால் "கொ" என்பது பிய்ந்து வருகிறது, கொம்பு இடம் மாறுகிறது. யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கே திரும்பிப் போய்விடலாமா?

வேண்டவே வேண்டாம். பிரீமியரின் பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்து இயந்திரத்தை "சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்" என்று மாற்றுங்கள். அதன் பிறகு புதிதாக அடிக்கும் எழுத்தில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும். பழைய தலைப்பு லேயரைத் திருத்திக்கொண்டிருக்காமல் அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். பாமினியில் அடித்ததை இன்னொரு கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால், பெரியவர்களின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலக் குப்பையாக நிற்கும். அழைப்பிதழ் அச்சடித்த காலத்தோடு அது போகட்டும். திரையில் வரும் வசனத்தை எஸ்ஆர்டி என்ற வசனக் கோப்பாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற யுனிகோட் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இன்னொன்று, மெல்லிய கோடுள்ள எழுத்துரு டிவியில் நடுங்கும். நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவம் எனக்குப் பிடித்தது.

தேனி வாசகர்: மூன்று மணி நேர வீடியோவைப் பென் டிரைவில் கொடுத்தேன். "எங்கள் டிவியில் ஓடவில்லை" என்று தினமும் போன் வருகிறது.

மூன்று மணி நேரத்தை 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வேகத்தில் எக்ஸ்போர்ட் செய்தால் ஏறக்குறைய 11 ஜிபி. எஃப்ஏடி32 வடிவத்தில் அமைத்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிரைவை எக்ஸ்ஃபாட் வடிவத்துக்கு மாற்றினால் கோப்பு ஏறும், ஆனால் பழைய டிவிகள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபாட் தெரியாது. ஆகவே மணிக்கு ஒன்றாக மூன்று கோப்புகள்: ஒலியோடு சேர்த்து ஒவ்வொன்றும் சுமார் 3.7 ஜிபி, கச்சிதமாக அடங்கும். ஹெச்.264, 8 பிட், 1080, நொடிக்கு 25 ஃபிரேம், லெவல் 4.1 (டிவி தாங்கவேண்டிய படச் சுமையின் அளவு), ஒலி ஏஏசி. நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து அப்படியே கொடுத்தால் லெவல் 4.2 கேட்கும், மாமனார் வீட்டு டிவி அங்கேயே படுத்துக்கொள்ளும். ஹெச்.265இல் கொடுத்துக் கோப்பைச் சின்னதாக்கும் ஆசை இந்த இடத்தில் வேண்டாம். கோப்புகளின் பெயரை 01, 02, 03 என்று தொடங்கினால் காப்புக் கட்டலுக்கு முன்பே தாலி கட்டும் குழப்பமும் வராது.

சேலம் வாசகர்: 1080இல் எடுத்ததை யூடியூபுக்காக 4கே ஆக எக்ஸ்போர்ட் செய்தால் தெளிவு கூடும் என்கிறார்களே, உண்மையா?

படத்தில் இல்லாத விவரம் புதிதாக முளைக்காது. ஆனால் 4கே கோப்புக்கு யூடியூப் நல்ல கோடெக்கும் (சுருக்கும் முறை) அதிக பிட்ரேட்டும் (நொடிக்கு ஒதுக்கும் தரவு) ஒதுக்குவதால், அழுத்தும்போது ஏற்படும் சிதைவு குறையும். கூட்டம் ஆடும் காட்சி, பூ தூவும் காட்சி, மழை, இவற்றில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நேர்காணல் என்றால் நேர விரயம். 1080 ஆகவே ஏற்றுவதானால் யூடியூபின் பரிந்துரை 8 எம்பிபிஎஸ். 4கே என்றால் 35 முதல் 45. ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உரப்பை மைனஸ் 14 லஃப்ஸ் (உரப்பை அளக்கும் அலகு) அருகே நிறுத்துங்கள். அதற்கு மேல் சத்தமாக ஏற்றினால் யூடியூபே குறைத்துவிடும்.