மாற்றுத்திறனாளி சான்றில் சதவீதம் குறைஞ்சா என்ன செய்யலாம்? கேள்வி பதில்

கேள்வி: காதுக்கு 30, காலுக்கு 20னு தனித்தனியா எழுதிட்டு, "ரெண்டும் 40க்குக் கீழ"ன்னு அனுப்பிட்டாங்க. மேல்முறையீடு போடலாமா சார்?

பதில்: தாராளமா போடுங்க. ஆனா மனுவில் கோபத்தைக் கொட்டாம கணக்கை எழுதுங்க. ரெண்டு குறைபாடு இருந்தா சேர்த்துத்தான் மதிப்பிடணும். 90ல இருந்து பெரிய எண்ணைக் கழிங்க: 60. அதைச் சின்ன எண்ணால பெருக்கி 90ஆல வகுங்க: 13.3. அதைப் பெரிய எண்ணோட கூட்டினா 43.3. சலுகைக்கு வேண்டிய 40ஐத் தாண்டிட்டீங்க! முதல்ல அதே ஆஸ்பத்திரியில் பல்வகைக் குறைபாட்டுச் சான்று கேளுங்க. மறுத்தா, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 59ஆம் பிரிவின்படி, மாநில அரசு விதிச்ச கெடுவுக்குள் மேல்முறையீடு. சான்று இல்லேன்னா நிராகரிப்புக் கடிதத்தோட நகலை வைங்க. நிராகரிச்சா காரணத்தை எழுத்தில் தரணும். வாய்ச்சொல்லோட திரும்பி வராதீங்க. அசல் எதையும் யாரிடமும் விட்டுட்டு வராதீங்க.

கேள்வி: எனக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை. 30தான் போட்டிருக்காங்க. கூட்ட முடியுமா?

பதில்: இன்னொரு கண் நல்லா இருந்தா, மத்திய அரசோட மதிப்பீட்டு நெறிமுறையிலேயே 30தான். டாக்டர் குறைக்கலை.

கேள்வி: சார், 30ம் 20ம் 50 தானே? சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.

பதில்: அப்படிக் கூட்டினா 60ம் 50ம் இருக்கிறவருக்கு 110 வந்துடும். உடம்பு மொத்தமே 100தானே ஐயா?

கேள்வி (அவரே): அப்ப 100ல இருந்து கழிக்கலாமே?

பதில்: கழிச்சா உங்களுக்கு 44 வரும், முக்கால் புள்ளிகூட லாபம் இல்லை. நெறிமுறையில் 90னு அச்சாகியிருக்கு. மாத்துற அதிகாரம் சான்று தர்ற மெடிக்கல் போர்டு டாக்டருக்குக் கிடையாது.

கேள்வி: கணக்கை விடுங்க. நான் தையல்காரன். வலது கை விரல் மடங்காது. எனக்கும் ஆபீஸ்ல உக்கார்ந்து கையெழுத்துப் போடுறவருக்கும் ஒரே சதவீதமா?

பதில்: ஆமாம். அளக்கிறது கையை, பிழைப்பை இல்லை. இது அநியாயம்னுதான் நானும் சொல்வேன். ஆனா மனுவில் "பொழப்பு போச்சு"ன்னு மட்டும் எழுதினா எடுபடாது. கையோட மதிப்பீட்டில் பிடிக்கிறது, உணர்ச்சி, பலம் மூணும் தனித்தனி. கட்டை விரலால மத்த விரல் நுனியைத் தொட முடியுதான்னு பார்த்தாங்களா? ஊசியால குத்திப் பார்த்தாங்களா? இறுக்கிப் பிடிக்கச் சொன்னாங்களா? விட்டுப்போனதை எழுதுங்க. வலக்கைக்காரருக்கு வலது கை பாதிச்சா கூடுதல் மதிப்பும் உண்டு. அதைச் சேர்த்தாங்களான்னு பாருங்க.

கேள்வி: ஒரு கண் பார்வை இல்லை, 30...

பதில்: மேலே பாருங்க.

கேள்வி: கால் பாதிப்பு, 45 போட்டிருக்காங்க. மாசம் 2000 வருமா?

பதில்: தமிழ்நாட்டுப் பராமரிப்புத் தொகையில் கடும் உடல் பாதிப்புக்கு 75 வேணும். அறிவுசார் குறைபாடு மாதிரி சிலதுக்கு வரம்பு குறைவு. 45க்குப் பொருந்துற மத்த திட்டங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க. நகலோட போங்க, அசலைக் காட்டிட்டுக் கையோட வாங்கிடுங்க.

கேள்வி: பணம் கொடுத்தா 75 வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார்.

பதில்: அதே 2016 சட்டம் 91ஆம் பிரிவு: மோசடியா சலுகை வாங்கினா 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். அவர் போன் நம்பரை அழிச்சிடுங்க.

கேள்வி: சார், ஒத்தைக் கண்ணுக்கு எவ்வளவு?

பதில்: 30. 30. 30.