முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள்

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இரண்டடி மீன் தொட்டி வைத்து மூன்று மாதம். அடியில் கடற்கரை மணல், கொஞ்சம் செடி, பத்துக் கப்பி மீன். யன்னலோரம் வைத்திருப்பதால் காலை வெயில் படும், லைட் இரவு படுக்கும்வரை எரியும். முதலில் கண்ணாடியில் மண்ணிறமாகப் படிந்தது, பிறகு செடியெல்லாம் நூல் பாசி, இப்போது தண்ணீரே பச்சை. இரண்டு முறை முழுவதையும் இறைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். பில்டர் பஞ்சையும் பைப்பில் நன்றாகக் கழுவினேன். ஒரு கிழமையில் மறுபடி பச்சை. பத்தில் மூன்று மீன் செத்துவிட்டது. பாசி மருந்து ஊற்றலாமா?"

மருந்து இப்போது வேண்டாம். பாசி மொத்தமாகச் செத்துத் தண்ணீருக்குள்ளேயே அழுகினால், மிச்சமிருக்கும் ஏழு மீனுக்கும் மூச்சுவிடக் காற்றுப் போதாது. மருந்தில் செம்பு கலந்திருந்தால் இறாலும் நத்தையும் தப்பாது.

முதலில் அந்தப் பஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும். பஞ்சில் குடியிருக்கும் பக்டீரியாக்கள்தான் அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதைப் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைகொள்ள நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கழுவிப் பிழிந்தால் அவற்றில் பெரும்பகுதி போய்விடும். தொட்டி திரும்பவும் முதல் நாளுக்கு வந்துவிடுகிறது. அடுத்த முறை தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதற்குள் பஞ்சை இரண்டு தரம் அமுக்கி எடுங்கள். வாளித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். அது போதும். பஞ்சு வெள்ளையாக வரவேண்டும் என்று தேய்க்காதீர்கள்.

மீன் செத்ததும் பெரும்பாலும் இப்படித் தேங்கிய அமோனியாவால்தான். அமோனியாவின் விஷம் தண்ணீரின் காரத்தன்மையோடு ஏறும். 30 பாகை வெக்கையில் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் 1 வீதத்துக்கும் குறைவான பங்குதான் விஷமான வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 7 வீதத்தைத் தாண்டும். உங்கள் தொட்டியைக் காரமாக்கும் ஒன்று அடியிலேயே கிடக்கிறது. அந்த மணலில் ஒரு கரண்டி எடுத்துக் காயவைத்து, மேலே கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அதில் சிப்பித் துகள் இருக்கிறது, அது கரைந்துகொண்டே இருக்கும். கப்பி அந்தத் தண்ணீரைத் தாங்கும், பல செடிகள் தாங்காது. தொட்டி சீரான பிறகு ஆற்று மணலுக்கு மாறுங்கள், அவசரமில்லை.

அடுத்தது கிணறு. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள நம் எழுவான்கரை முழுக்க மணல். ஒரே வளவுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் இருக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. குழியில் இறங்குகிற நைத்திரேற்றை மணல் பிடித்து வைக்காது, கிணற்றுக்குப் போய்விடும். நைத்திரேற்று பாசிக்கு உரம். முழுவதையும் இறைத்துக் கிணற்றுத் தண்ணீர் விட்டபோது அந்த உரத்தையே திரும்ப ஊற்றியிருக்கலாம். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருக்கும். நைத்திரேற்றுச் சோதனைப் பட்டை கிடைத்தால் தொட்டித் தண்ணீரில் பார்க்குமுன் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். தொட்டிக்கு லீற்றருக்கு 20 மில்லிகிராம்வரை பரவாயில்லை. 50ஐத் தாண்டினால் தொட்டியை விடுங்கள், அது குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பு வைத்த எல்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரில் பால் கரைக்கவே வேண்டாம்.

அப்படியென்றால் உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வருகிற குழாய்த் தண்ணீர் மேல். வாளியில் திறந்தபடி ஒரு நாள் வையுங்கள், அல்லது மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கித் துளிகளை விடுங்கள். மாரியில் கூரை நன்றாகக் கழுவுப்பட்ட பிறகு பிடிக்கிற மழைத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் நல்லது.

சரி, இப்போது பச்சைத் தண்ணீர். தொட்டியை யன்னலோரத்திலிருந்து எடுங்கள். கல்லடியில் கடல் பக்கத்துக் காலை வெயில் நேராக உள்ளே வரும், அதை எந்த லைட்டாலும் ஈடுகட்ட முடியாது. பிறகு நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, கறுப்புத் துணியால் நாலு பக்கமும் மேலும் மூடி மூன்று நாள் வையுங்கள். லைட் இல்லை, தீனி இல்லை, காற்று மோட்டார் மட்டும் இரவு பகலாக ஓடவேண்டும். மூன்று நாளில் கப்பி பட்டினியால் சாகாது. நாலாம் நாள் துணியை எடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். மிதந்து செத்த பாசி அதோடு போகும்.

நூல் பாசி இருட்டுக்கு அவ்வளவாக மசியாது, கையால் எடுக்க வேண்டும். ஒரு தென்னை ஈர்க்கை அரையடிக்கு முறித்து, நுனியைப் பாசிக்குள் விட்டு ஒரே பக்கமாகச் சுழற்றுங்கள். இடியப்பச் சிக்கலைப்போல முழுவதும் சுற்றிக்கொண்டு வரும். இழுக்காதீர்கள், இலை கிழியும். பாசி மூடிய பழைய இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள், அவை இனித் தேறாது. முதலில் வந்த மண்ணிறப் படிவுக்குக் கவலையே வேண்டாம், புதுத் தொட்டியில் வரும், போகும். நீலப்பச்சையாக வழுவழுப்பாய், பாய்போலப் பெயர்ந்து, மண் நாற்றமும் அடித்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு சாதி.

இனி லைட் ஒரு நாளைக்கு ஆறு மணிநேரம், அதுவும் நேரம் தவறாமல். மறக்காமலிருக்க ஒரு டைமர் மாட்டுங்கள். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிகிற அளவு. பிறகு செடி. "கொஞ்சம் செடி" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கொஞ்சம்தான் எனக்குக் குறையாகப் படுகிறது. வெளிச்சமும் உரமும் தண்ணீரில் கிடக்க, அவற்றை எடுக்கச் செடி இல்லாவிட்டால் பாசி எடுக்கும். வலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹோர்ன்வேர்ட் மூன்றும் கடினத் தண்ணீரிலும் நம் வெக்கையிலும் வேகமாக வளரும். தரையில் பாதிக்கு மேல் மறையும்படி ஒரேயடியாக வையுங்கள். கிரிப்டோகொரைன் அழகுதான், ஆனால் மெதுவாக வளர்வது. அதைப் பிறகு பார்க்கலாம்.

கச்சான் காற்றுக் காலத்தில் தொட்டி ஒரு கிழமையில் இரண்டு விரல் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். மேலே ஊற்றி நிரப்பியதைத் தண்ணீர் மாற்றியதாகக் கணக்கு வைக்காதீர்கள். கிழமைக்கு ஒருமுறை கால்வாசியை வெளியே எடுத்தே ஆகவேண்டும். எடுத்ததைக் கறிவேப்பிலைக்கோ வாழைக்கோ ஊற்றலாம். வெட்டிய செடியை வெயிலில் சருகாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். வாவிக்குள் எறிய வேண்டாம், அங்கே ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) படுத்துகிற பாடே போதும்.