ஊர் திரும்பிய பின்னும் கிரீன் கார்டு: அமெரிக்க வரி தொடருமா?

கேள்வி: மகள் மூலம் 2020 நவம்பரில் அமெரிக்க கிரீன் கார்டு கிடைத்தது. 2023-இல் மலேசியாவின் பட்டர்வொர்த்துக்கே திரும்பிவிட்டேன். ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு வாடகை வருகிறது. வங்கியில் 120,000 ரிங்கிட் நிரந்தர வைப்பு. ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் கார்டு தானாகச் செத்துவிடும், வரிக் கவலை வேண்டாம் என்கிறார் ஏஜெண்டு. சரியா?

பதில்: ஏஜெண்டு இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்புகிறார். ஓராண்டு தாண்டினால் அந்தக் கார்டை மட்டும் காட்டி அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. அது குடிநுழைவுச் சட்டம். நீங்களாக ஐ-407 படிவம் கொடுத்து ஒப்படைக்கும்வரை, அல்லது அரசு முறைப்படி ரத்து செய்யும்வரை, வரித்துறைக்கு நீங்கள் அமெரிக்கக் குடியிருப்பாளர்தான். கார்டில் அச்சிட்ட காலாவதித் தேதி இதை மாற்றாது. ஒரு துறை கார்டு செல்லாது என்கிறது, இன்னொரு துறை கணக்கைக் காட்டு என்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

வாடகையையும் வட்டியையும் 1040 என்ற அமெரிக்க வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு ஜூன் 15 வரை அவகாசம். வாடகைக்கு இங்கே கட்டிய வருமான வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். வைப்பு வட்டிக்கு மலேசியாவில் தனிநபருக்கு வரி இல்லை, ஆகவே கழிக்கவும் ஒன்றும் இல்லை. 'வெளிநாட்டுச் சம்பள விலக்கு' உழைத்து வாங்கும் சம்பளத்துக்கு மட்டும்.

மொத்த வருமானம் குறைவென்றால் 1040 தேவைப்படாமலே போகலாம். எஃப்பார் எனும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை அப்படியல்ல. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் இணையத்தில் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் வைப்பு எப்போதோ தாண்டிவிட்டது. மனைவியோடு கூட்டுக் கணக்கு என்றாலும் முழுத் தொகையும் உங்கள் தலையில்தான் எண்ணப்படும்.

'குடியிருப்பாளர் அல்ல' என்று 1040-என்ஆர் போட்டுத் தருகிறேன் என்பார் சிலர். கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவர் வரி ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடலாம். மலேசியா–அமெரிக்கா இடையே கப்பல், விமானப் போக்குவரத்துக்கு மட்டுமே ஒப்பந்தம் உண்டு. அந்தப் படிவம் வரியையும் நீக்காது, கார்டைக் கைவிட்டதற்குச் சாட்சியாகவும் நிற்கும்.

உங்களுக்கு அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. ஓர் ஆண்டில் ஒரு நாள் கார்டு இருந்தாலும் அது முழு ஆண்டாக எண்ணப்படும். 2020 நவம்பரில் கிடைத்ததால் 2020 ஒன்று, 2026 ஏழு. 2027 ஜனவரி 1 அன்றும் கார்டு உங்கள் பெயரில் இருந்தால் எட்டு. கடந்த 15 ஆண்டுகளில் எட்டு வந்துவிட்டால், கார்டைத் துறக்கும்போது 8854 படிவம் போட்டு, ஐந்தாண்டு வரிக் கடமை முழுவதும் முடித்ததாக உறுதி கூற வேண்டும். கூற முடியாதவருக்குச் சொத்து 20 லட்சம் டாலர் இல்லாவிட்டாலும் வெளியேற்ற வரி விதிகள் பாயும். கடைவீட்டைத் துறப்பதற்கு முந்தைய நாளே விற்றதாகப் பாவித்துக் கணக்குப் போடுவார்கள்.

தாக்கல் செய்யாமல் விட்டுப்போனதற்கு வழி உண்டு: தெரியாமல் நேர்ந்தது என்று 14653 படிவத்தில் விளக்கி, மூன்றாண்டு 1040, ஆறாண்டு எஃப்பார் கொடுத்தால் அபராதம் இல்லை. அந்த விளக்கம் உங்கள் சொந்தக் கதையாக இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே கடிதத்தைப் படியெடுத்துத் தரும் ஏஜெண்டிடம் போகாதீர்கள்.

ஐ-407-க்கு அரசுக் கட்டணம் ஒரு காசும் இல்லை. படிவத்தோடு கார்டையும் வைத்து, தடமறியும் வசதியுள்ள அஞ்சலில் அனுப்புங்கள். ரசீதும் நகலும் பத்திரம். எந்த நாளில் விட்டீர்கள் என்று பின்னாளில் கேட்டால் காட்ட அவைதான் இருக்கும்.