ஸ்பீக்கருக்கு மைக் செட் வயர் போதுமா, விலை உயர்ந்த கேபிள்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: உவரியில் புது வீடு. கூடத்தின் மூலையில் ஆம்பிளிஃபையர். வலது ஸ்பீக்கருக்கு 4 மீட்டர் வயர் போதும். இடது ஸ்பீக்கருக்குச் சுவரோரமாகச் சுற்றிப் போனால் 12 மீட்டர். ஸ்பீக்கரின் மின்தடை 8 ஓம். கடையில் காட்டிய கேபிளை வாங்கினால் ஸ்பீக்கர் விலையில் பாதி அதற்கே போய்விடும். வயரிங் வேலைக்கு வந்த அண்ணாச்சியோ, மைக் செட்டுக்குப் போடுகிற வயரே போதும் என்கிறார்.

இரண்டும் வேண்டாம். எலெக்ட்ரிக்கல் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 2.5 ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்) செம்பு வயரைச் சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று வாங்கி, இரண்டையும் சேர்த்து முறுக்கிப் போடுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற கடைகள் உண்டு, முழுச் சுருள் வாங்க வேண்டியதில்லை.

அண்ணாச்சி அனுபவத்தில்தான் பேசுகிறார். என் தாய்மாமா அம்பாசமுத்திரம் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். அம்மன் கொடை வந்துவிட்டால் கோயில் வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், தெருமுனையில் ஒரு குழாய் என்று கட்டிக்கொண்டே போவார். 200 மீட்டர் தள்ளி இருக்கிற கடைசிக் குழாய்க்கும் நூல் மாதிரி மெல்லிய இரட்டை வயர்தான். அதுவும் கணீரென்று பாடும். அதைப் பார்த்து வளர்ந்த நான், முதன்முதலில் ஒரு ஸ்டீரியோ வாங்கியபோது அவருடைய சுருளிலிருந்தே 12 மீட்டர் வெட்டி இழுத்தேன். நாதஸ்வரக் கச்சேரி போட்டால் தவிலில் தொப்பிப் பக்கத்து அடி எல்லாம் ஒரே மாதிரி 'பொம் பொம்' என்று கேட்டது. ஒரே இடத்தில் பாஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், உப்பிக்கொண்டு நின்றது, மற்றதெல்லாம் அமுங்கிவிட்டது. ஸ்பீக்கர்தான் சரியில்லை என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா வந்து வயரைப் பார்த்ததும் சொன்னார்: "ஏல, அது லைன்ல ஓடுத வயருல்லா. வீட்டு ஸ்பீக்கருக்கு இது தாங்காது."

மைக் செட் ஆம்பிளிஃபையரில் 100 வோல்ட் லைன் என்று ஓர் அவுட்புட் இருக்கும். ஒவ்வொரு குழாயோடும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, அந்த வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும். 30 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் வயரில் ஓடும் மின்னோட்டம் 0.3 ஆம்பியர்தான். அதே 30 வாட் 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரடியாகப் போகும்போது கிட்டத்தட்ட 2 ஆம்பியர். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கூடங்குளத்திலிருந்து 400 கிலோவோல்ட்டில் கம்பி இழுத்திருக்கிறார்களே, அதே கணக்குத்தான்: வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும், வயரில் வீணாவதும் குறையும். வீட்டு ஸ்பீக்கருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் தடிமன் வேண்டும்.

எவ்வளவு தடிமன்? ஒரு ஸ்கொயர் செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.017 ஓம் மின்தடை. 12 மீட்டர் என்றால் போக வர 24 மீட்டர். அரை ஸ்கொயர் வயரில் இது 0.8 ஓம், ஒன்றரை ஸ்கொயரில் 0.28, இரண்டரையில் 0.17. வயரின் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவு. உங்கள் 8 ஓமுக்கு 0.4. அந்தக் கணக்கில் ஒன்றரையே தேறிவிடும். ஆனால் நாளைக்கு 4 ஓம் ஸ்பீக்கர் வாங்கினால் வரம்பு 0.2 ஆகிவிடும். சுவரோரம் ஒரு தடவை அடித்துவிட்டு மறுபடி பிடுங்க வேண்டாமே என்றுதான் இரண்டரை சொல்கிறேன்.

8 ஓம் என்று எழுதியிருந்தாலும் ஸ்பீக்கர் எல்லாச் சுரத்துக்கும் 8 ஓமாக நிற்பதில்லை. பாஸில் ஓர் இடத்தில் 20, 30 வரை ஏறும், வேறோர் இடத்தில் 6, 5 என்று இறங்கும். வயர் மெல்லியதாக இருந்தால், இறங்குகிற இடங்களில் அதிகமாகவும் ஏறுகிற இடத்தில் குறைவாகவும் சத்தத்தை விழுங்கும். என் ஸ்பீக்கர் 6 ஓம், 4 வரை இறங்குவது. அந்த மெல்லிய வயரில் இரண்டு இடத்துக்கும் சத்தத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வித்தியாசம் வந்திருக்கும். பாஸ் உப்பியது அதனால்தான். இரண்டரை ஸ்கொயர் மாற்றியதும் தவில் தவிலாகக் கேட்டது.

கடைக்காரர் காட்டிய கேபிளுக்கு வருகிறேன். ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு என்பார்கள். அது உண்மைதான், ஆனால் சாதாரண மின்கம்பிச் செம்பைவிட அதன் கடத்துதிறன் 1 சதவீதம் அளவுக்குத்தான் கூடுதல். கேபிள் மேல் அம்புக்குறி போட்டு, இந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும் என்பார்கள். ஸ்பீக்கருக்குப் போவது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் மின்னோட்டம். அதற்குத் திசை எப்படி இருக்கும்? பாட்டின் மேல் ஆசை வைத்து, காசு சேர்த்து வாங்க வருகிறவரிடம் இப்படிச் சொல்லி விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இடது வலது வயர் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதும் தேவையில்லாத பயம். 4 மீட்டரும் 12 மீட்டரும் அப்படியே இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியது வேறு. ஸ்பீக்கர் வயர் என்று மலிவாக விற்பதில் நிறைய அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதுதான். தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும். ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம்.

உவரியில் கடல் காற்று. செம்பு இழையை வெறுமனே விட்டால் பச்சை பூத்துவிடும். நுனிக்கு ஈயம் வையுங்கள், அல்லது தங்க முலாம் பூசிய பனானா பிளக்கில் (ஸ்பீக்கர் வயர் நுனிக்கு மாட்டும் சின்ன பிளக்) இறுக்கி மாட்டுங்கள். காசு போடுவதானால் இங்கே போடுங்கள். பச்சை தெரிந்தால் நுனியை வெட்டி, புதிதாக உரித்து மாட்ட ஒரு சாண் வயர் கூடுதலாக விட்டு வையுங்கள்.

சிவப்பும் கறுப்பும் வீட்டு மின்சாரத்துக்கும் உள்ள நிறம். அதனால் கரண்டு பைப்புக்குள் இதை விடவே வேண்டாம். தனியாகக் கொண்டுபோய், இரண்டு முனையிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி ஒட்டுங்கள். பின்னால் வேறொருவர் வந்து கைவைக்கும்போது குழம்பக் கூடாது. ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டால்கூட ஆம்பிளிஃபையர் போய்விடலாம், எனவே மாட்டும்போது சுவிட்சை அணைத்திருங்கள்.

ஆம்பிளிஃபையரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கே போயிருக்கிறதா என்று காதாலும் பார்க்கலாம். காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய மோனோ பதிவு (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வருவது) ஒன்றைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். நாதஸ்வரம் நேர் எதிரே, நடுவில் நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல், தவிலும் மெலிந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயரை மாற்றி மாட்டுங்கள்.