பல்லடம் பக்கம் 10 சென்ட் இடத்தில் பழமரங்கள்: எப்போது, எப்படி நடுவது?

மா, சப்போட்டா, கொய்யா, எலுமிச்சை, கூடவே முந்திரி, பாதாம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் நடுங்கள். நமக்கு நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆடியில் நட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கன்றை ஆட்டி ஆட்டியே வேர் பிடிக்க விடாது. குழியை மட்டும் ஆடியிலேயே மூன்றடி ஆழ அகலத்துக்கு வெட்டி ஆறப்போட்டு, அப்புறம் மேல்மண்ணோடு மக்கிய எரு, வேப்பம்புண்ணாக்கு கலந்து மூடுங்கள். வெட்டும்போது சுக்கான் கல் (மண்ணுக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கல்) தட்டினால் எலுமிச்சையை விட்டுவிடுங்கள், இலை மஞ்சளாகிக்கொண்டே இருக்கும்.

மாவுக்கு ஒட்டுக்கன்றுதான் சரி. ஒட்டுத் தழும்பு (அடிக்கன்றும் ஒட்டிய நல்ல ரகமும் சேர்ந்த இடம்) மண்ணுக்கு மேலே அரை அடியாவது தெரிய வேண்டும்; சுற்றிய பிளாஸ்டிக் நாடா தண்டை இறுக்கும் முன்பே அவிழ்த்துவிடுங்கள். தழும்புக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளாமல் விட்டால், காசு கொடுத்து வாங்கிய செந்தூரம் போய் ஏதோ ஒரு மாங்காய்தான் மிஞ்சும் (நர்சரிக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்).

மா, சப்போட்டாவுக்கு 25 அடி இடைவெளி, கொய்யாவுக்கு 18. செம்மண்ணில் தண்ணீர் தேங்காவிட்டால் முந்திரி வரும். கடையில் வாங்கித் தின்கிற பாதாமுக்குக் குளிர்காலம் வேண்டும், நம் வெயிலுக்கு ஆகாது.